விதியல்ல, வீட்டுப் புகை

கோடை முற்றிக் கிணறுகளில் நீர் வற்றும் மாதங்களில், நமது நாளேடுகளின் உட்பக்கத்தில் இடைக்கிடை ஒரு சிறு செய்தி தலைகாட்டும். கிணறு துப்பரவு செய்ய இறைப்பு இயந்திரத்தோடு உள்ளே இறங்கியவர் மூச்சுத் திணறி மாண்டார். அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டார். பத்து வரிக்குள் செய்தி முடிந்துவிடும். வாசித்தவர் “விதி” என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். செத்த வீட்டுக்குப் போனவரும் அதனையே சொல்லித் திரும்புவார். அந்தியேட்டி முடிந்ததும் ஊர் அதனை மறந்துவிடும்.

அந்த ஒரு சொல்லோடுதான் நமக்குச் சண்டை. விதி என்ற சொல் துயரத்தை ஆற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அதே சொல் விசாரணையையும் நிறுத்திவிடுகிறது. பாம்பு தீண்டினால் எந்தப் பாம்பு என்று கேட்கிறோம். வாந்திபேதி வந்தால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்கிறோம். புகையினால் ஒருவர் சாகும்போது மாத்திரம் எந்தப் புகை, எங்கிருந்து வந்தது, யார் அதனைத் தடுத்திருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. கேள்வி எழாத இடத்தில் பதில் சொல்லவேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை.

கொன்றவனுக்குப் பெயர் உண்டு. நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூல் அதனைக் காபனோரொட்சைட்டு என்று கற்பிக்கிறது. விறகோ கரியோ மண்ணெண்ணெயோ பெற்றோலோ, போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது அந்த வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது கண்ணைக் கரிக்காது, இருமலை எழுப்பாது. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மார்பு ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள காற்றிலே ஒட்சிசனும் இருக்கிறது. ஆயினும் அதனைச் சுமந்து செல்ல வேண்டிய குருதி ஏற்கெனவே வேறொருவனுக்கு அடிமைப்பட்டுவிட்டது. இந்த உண்மையைப் பிரான்சு நாட்டு உடலியலறிஞர் குளோட் பேர்னார்ட் 1857-ஆம் ஆண்டளவிலேயே விளக்கிவிட்டார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த ஒன்றை நாம் இன்னும் விதியென்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அது வருகிற விதமும் வஞ்சகமானது. முதலில் தலையிடி; பின்னர் தலைச்சுற்று, ஓங்காளம், கைகால் சோர்வு. அதன்பின் நித்திரை. வெயில் பட்டது என்பார்கள், பித்தம் என்பார்கள், கண்ணூறு என்பார்கள். வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள் என்று அதே அறையிலேயே படுக்க வைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே வேளையில் தலை இடிக்கிறது, முற்றத்துக்கு வந்தால் தெளிகிறது என்றால், அது பித்தமும் அல்ல, கண்ணூறும் அல்ல. அந்த வீட்டின் காற்றே நஞ்சாகிவிட்டது என்பதற்கு அதுவே முதற் சாட்சி.

கிணற்றிலே ஓராண்டில் ஓரிருவரைக் கொல்வது செய்தியாகிறது. குசினியிலே நாள்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொல்வது செய்தியாவதில்லை. ஆகவே குசினிக்குள்ளும் நாம் நுழைந்து பார்க்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களுள் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. நமது குடாநாட்டில் விறகென்றால் காட்டு மரம் மட்டுமல்ல. பனைமட்டை, காய்ந்த ஓலை, பன்னாடை, ஊமல், பொச்சு, சிரட்டை என்று பனையும் தென்னையும் உதிர்ப்பவை எல்லாம் அடுப்புக்கு வருகின்றன. மாரியிலே இவை ஈரமாயிருக்கும். ஈர விறகு எரிவதில்லை, புகைகிறது. புகைகிற அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பவள் பெண். குளிரும் தூவானமும் உள்ளே வராதபடி யன்னலைச் சாத்தச் சொல்பவர் வீட்டுக்காரர்.

இதே குடாநாட்டில் புகையைப் பற்றி நுணுக்கமான அறிவு பல தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. அந்த அறிவு யாருக்காகப் பயன்பட்டது என்று பாருங்கள். புகையிலையைப் பதப்படுத்தத் தோட்டக்காரர் தனிக் குடில் போடுவார். பொச்சைக் கொளுத்தி எவ்வளவு புகை, எத்தனை நேரம், எப்போது திறப்பது என்று கணக்குப் பார்ப்பார். அளவு தப்பினால் விலை போகாது. விலைபோகும் இலைக்கு அளந்து புகை கொடுத்த சமுதாயம், சோறு ஆக்கும் பெண்ணின் மூச்சுக்கு எந்தக் கணக்கும் வைக்கவில்லை. அவளுடைய உழைப்புக்கு விலை இல்லாதபோது அவளுடைய சுவாசத்துக்கு மாத்திரம் எப்படி விலை வரும்?

“எங்கள் ஆச்சி எண்பது வயதுவரை விறகடுப்பிலேதான் சமைத்தாள், அவளுக்கு என்ன வந்தது?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. அந்த ஆச்சிக்குத் தொய்வு இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். கடைசிப் பத்தாண்டு அவள் கண்ணிலே பூ விழுந்து, சுவரைத் தடவி நடந்ததையும் மறந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எரிபொருட்களால் மாசுறும் காற்று 2020-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 32 இலட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று. அவர்களுள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இவை எல்லாம் காபனோரொட்சைட்டு ஒன்றினாலேயே நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. புகையிலுள்ள நுண்துகள்களும் அதனோடு கூட்டுச் சேர்ந்த கொலையாளிகளே. மாரடைப்பு என்றும் பாரிசவாதம் என்றும் நியூமோனியா என்றும் மரணச் சான்றிதழில் எழுதப்படுவனவற்றுள் பல அடுப்படியிலே தொடங்கியவை.

மேலும், அந்த ஆச்சியின் குசினி வேறு; இன்றைய குசினி வேறு. அவளுடைய அடுக்களை வீட்டிலிருந்து விலகி நின்றது. ஓலைக் கூரை, அரைச் சுவர், அதற்கு மேலே மட்டைவரிச்சு. புகை கூரையெங்கும் கசிந்து வெளியேறிற்று. நாற்சார் வீட்டின் நடுவிலே வானத்துக்குத் திறந்த முற்றம் இருந்தது. அந்த வீட்டுக்கு மூச்சு இருந்தது. இன்று கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி, கண்ணாடி யன்னல் பூட்டி, வாடகைக்கு விட அறை அறையாகத் தடுத்து, நாகரிகம் என்கிறோம். வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளில் பளிங்குக் கல் பதித்த குசினி ஒன்று முன்னால் இருக்கும். அது விருந்தினர் பார்ப்பதற்கு. பின்புறத்தில் தகரம் சார்த்திய ஒரு சிறு பொந்து இருக்கும். நாள்தோறும் அடுப்பு எரிவது அங்கே. வீட்டுத் தாயோ, வேலைக்கு வந்த ஏழைப் பெண்ணோ நிற்பதும் அங்கே. பழைய வீட்டின் காற்றை இடித்துவிட்டோம். பழைய அடுப்பை மாத்திரம் வைத்துக்கொண்டோம்.

எரிவாயு இருக்கிறதே என்பார்கள். யாருக்கு இருக்கிறது? 2021 ஒக்ரோபர் வரை 1,500 ரூபாவுக்குள் இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வெறுஞ் சிலிண்டரோடு வீதியில் வரிசை நின்றனர். அந்த ஆண்டில் எத்தனை வீடுகள் விறகுக்கும் கரிக்கும் திரும்பின! எரிவாயுவுக்கென்றே கட்டிய, புகைபோக்கி இல்லாத குசினிக்குள் விறகு புகுந்தது. மாடிக் குடியிருப்பின் சிறு அறைக்குள் கரிச்சட்டி புகுந்தது. நமது மக்களுக்கு இது புதிதும் அல்ல. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளுக்குத் தடை விழுந்தது. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. எந்த எரிபொருளை எரிப்பது என்பதை ஏழை தெரிவு செய்வதில்லை. போரும் விலையும் அவனுக்காகத் தெரிவு செய்கின்றன. பின்னர் அவன் செத்தால், கவனயீனம் என்று அவன் மேலேயே பழி போடுகிறோம்.

புகைகிற விறகைக் காட்டிலும் புகையாத கரி கொடியது என்பதைப் பலர் அறியார். செந்தணல் கண்ணுக்கு அழகாயிருக்கும். புகை அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணத் தோன்றும். உண்மையில் தணலாகக் கனன்று கிடக்கும் கரியே காபனோரொட்சைட்டை மிகுதியாகக் கக்குகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் கதவடைத்து, தணற்சட்டி வைத்துச் சாம்பிராணி போடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. தாய்க்கும் சேய்க்கும் சூடு வேண்டும் என்ற அன்பிலே பிறந்த வழக்கம் அது. அன்பை நாம் பழிக்கவில்லை. அடைத்த கதவையே பழிக்கிறோம். கருவிலிருக்கும் சிசுவின் குருதியிலோ இந்த நஞ்சு தாயின் குருதியைவிடக் கூடுதலாகச் சேர்கிறது, மெதுவாகவே நீங்குகிறது. குசினிப் புகையிலே நிற்கும் கர்ப்பிணி இருவருக்காக நஞ்சை வாங்குகிறாள்.

இனி இயந்திரங்களைப் பார்ப்போம். 2022 மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் நாடு இருளில் கிடந்தபோது, சிறு மின்பிறப்பாக்கிகள் கடை வாசல்களிலும் வீட்டு விறாந்தைகளிலும் இரைந்தன. களவு போகும் என்ற பயத்தில் அவற்றை உள்ளே வைத்தவர்களும் உண்டு. பெற்றோல் இயந்திரம் ஒன்று வெளிவிடும் புகையில் நூற்றுக்குச் சில பங்கு காபனோரொட்சைட்டாக இருக்கக்கூடும். மனிதனைச் சில மணி நேரத்தில் கொல்ல ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்கே போதும். மின்பிறப்பாக்கியை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, யன்னலுக்கு எதிர்த் திசையில், திறந்த வெளியிலே வைக்க வேண்டும். விறாந்தையும் கொட்டிலும் திறந்த வெளி ஆகா.

கிணற்றின் கதையும் இதுவே. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றுக்குள் நெருப்பு இறங்கவில்லை. பின்னர் இயந்திரம் வந்தது. மேலிருந்து உறிஞ்சும் இயந்திரத்தால் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருக்கும் நீரை எடுக்க முடியாது. வரட்சியில் நீர் கீழே போனதும், கயிறு கட்டி இயந்திரத்தையே உள்ளே இறக்குகிறார்கள். வட்டச் சுவர் நான்கு புறமும் காத்துநிற்க, காற்றசையாத அந்தக் குழிக்குள் புகை நிரம்புகிறது. இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் கண்ட உபாயம். ஒட்சிசன் குறைந்த கிணற்றில் விளக்கு அணையும். அந்த மட்டில் அது நல்ல உபாயமே. ஆனால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்த காற்றிலும் விளக்கு நின்று எரியும்! விளக்கை நம்பி இறங்குகிறவன் ஏமாற்றப்படுகிறான். அவன் பெரும்பாலும் யார்? கிணற்றுக்குச் சொந்தக்காரர் இறங்குவதில்லை. நாட்கூலிக்கு வந்தவனே இறங்குகிறான்.

படிப்பறிவில்லாததால் வரும் சாவு இது என்று சிலர் முடிவு கட்டுவர். 2020 சனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்தின் டாமன் என்னும் இடத்துக்கு உல்லாசப் பயணம் போன 8 பேர், விடுதி அறையொன்றில் வாயுக் கணப்பியை மூட்டி, கதவடைத்து உறங்கி, விழிக்காமலே போனார்கள். அவர்களுள் நால்வர் குழந்தைகள். அவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர், காசில்லாதவர்களும் அல்லர். கண்ணால் காணாததையும் மூக்கால் உணராததையும் படிப்பு மட்டும் காட்டித் தராது. அதற்குக் கருவி வேண்டும். கருவியைக் கட்டாயமாக்கச் சட்டம் வேண்டும்.

சட்டம் என்றதும் நகைப்போர் நமது உறவினரிடமே கேட்டுப் பார்க்கட்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2008-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு வீட்டிலே தாய், தந்தை, இரு பிள்ளைகள் ஆகிய நால்வரும் இதே வாயுவால் மாண்டனர். அங்கேயும் அழுதவர்கள் இருந்தார்கள். ஆனால் அழுததோடு விடவில்லை. ஐந்தாண்டு வாதாடி, அந்தக் குடும்பத்தின் பெயராலேயே ஹோக்கின்ஸ்–ஜிக்னாக் சட்டம் 2013-இல் நிறைவேறிற்று. எரிபொருளால் இயங்கும் சாதனமுள்ள வீடுகளில் படுக்குமிடத்துக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் இன்று அந்தச் சட்டத்தின் நிழலிலேதான் உறங்குகிறார்கள். இங்கிலாந்திலும் 2022 ஒக்ரோபர் முதல் வாடகை வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் போன்றவை உள்ள அறைக்கு அக்கருவி கட்டாயம். ரொறொன்ரோவில் மகனின் தலைமாட்டிலே கருவி விழித்திருக்கிறது. ஊரிலே அவனைப் பெற்றவள் தகரப் பொந்துக்குள் ஊதுகுழலோடு குனிந்திருக்கிறாள். ஒரே குருதி, அங்கே அதற்குக் காவல் உண்டு, இங்கே இல்லை. கோயிற் கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் இலட்சக்கணக்கில் அனுப்புகிற அந்த மகன், ஒரு புகைபோக்கிக்கு அனுப்ப மறந்தது ஏன்?

பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நஞ்சைக் கண்டறியக் கூண்டுக்குருவியைக் கொண்டு இறங்கினார்கள். மனிதருக்கு முன்னே குருவி மயங்கும். அதைக் கண்டு மனிதர் வெளியேறுவர். 1986-ஆம் ஆண்டில் கருவிகள் வந்து, குருவிகளுக்கும் விடுதலை கிடைத்தது. நமது குசினிகளிலோ இன்னும் தாய்மாரே குருவிகளாயிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு: குருவி மயங்கினால் அங்கே வேலை நின்றது. தாய் மயங்கினால் இங்கே யாரும் அடுப்பை ஆராய்வதில்லை.

ஆதலால் விழிப்புணர்வு என்ற பெயரில் ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களோடு நாம் உடன்பட முடியாது. அறிவு வேண்டும், ஆனால் ஏழைக்கு அறிவை மட்டும் கொடுத்துவிட்டுப் புகைபோக்கியைக் கொடுக்காமல் விடுவது, நீந்தத் தெரியாதவனுக்கு நீச்சலைப் பற்றிப் பிரசங்கம் செய்வதாகும்.

நாம் கேட்பவை மிகப் பெரியவை அல்ல. வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபையும் மாநகர சபையும், விறகு எரியக்கூடிய எந்தக் குசினிக்கும் கூரைக்கு மேலே எழும் புகைபோக்கியும் எதிரெதிர் யன்னலும் இல்லாமல் அனுமதி கொடுக்கலாகாது. அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டிக் கொடுக்கும் வீடுகளுக்கும் இவ்விதி பொருந்த வேண்டும். விறகை மிச்சப்படுத்தும் ‘அநகி’ மண் அடுப்பு இந்நாட்டிலேயே 1980-களில் உருவாகி, குயவர் கையால் வனையப்பட்டு வருகிறது. அது வறிய வீடுகளுக்கு மலிவாய்க் கிடைக்க வேண்டும். ஆனால் அடுப்பு நல்லதாயினும் புகைக்கு வழி வேண்டும் என்பதை மறக்கலாகாது. மின்பிறப்பாக்கியும் இறைப்பு இயந்திரமும் விற்பவர், வாடகைக்கு விடுபவர் யாவரும் “மூடிய இடத்திலும் கிணற்றுக்குள்ளும் இயக்காதே” என்று தமிழிலே பெரிய எழுத்தில் இயந்திரத்தின் மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கைக் கருவிகளுக்குத் தீர்வை நீக்கப்பட வேண்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையைப் பார்ப்பதுபோல் அடுப்படியையும் பார்க்க வேண்டும். திடீர் மரண விசாரணையில் மூச்சுத் திணறல் என்று எழுதி முடிக்காமல், குருதியில் இந்த வாயு எவ்வளவு என்று சோதித்துப் பதிய வேண்டும். எண்ணிக்கையில் வராத சாவுக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

அவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவே செய்யக்கூடியவை உண்டு. கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். தணலை வெளியே எடுத்து நீர் தெளித்து அவித்துவிட்டுப் படுங்கள். மழையானாலும் அடுப்பெரியும் வேளையில் எதிரெதிர் யன்னல் இரண்டைத் திறந்து வையுங்கள். இயங்கிய இயந்திரம் கிடக்கும் கிணற்றுக்குள், உள்ளே விழுந்தவர் உடன்பிறந்தவரேயாயினும், வெறுங்கையோடு குதிக்காதீர்கள். இறங்குபவருக்கு முதலிலேயே இடுப்பிலே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே தூக்கலாம். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி ஆசுப்பத்திரிக்கு எடுத்துச் சென்று, புகைக்குள் கிடந்தவர் என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் நாம் அறிந்துகொண்ட, விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இந்த நஞ்சை வேறு பிரித்து அறியாது. மயங்கிக் கிடப்பவரிடமும் ஒட்சிசன் நிறைவாக உள்ளது என்று காட்டும். அதை நம்பி வீட்டிலே வைத்திருக்காதீர்கள். வெறுங் காற்றில் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குள் குறையும். அந்த வேறுபாடே பல வேளைகளில் உயிர்.

விறகடுப்புச் சோற்றின் சுவையைப் பாடுவோர் பாடட்டும். அவர்கள் அதற்கு முன் ஒரு மாரிக் காலைப்பொழுதில், யன்னலைச் சாத்திக்கொண்டு, அந்த அடுப்பின் முன்னே ஒரு மணித்தியாலம் குந்தியிருக்கட்டும். பின்னர் அடுத்த முறை நாளேட்டில் அந்தப் பத்து வரிச் செய்தி வரும்போது, பக்கத்தைப் புரட்டாமல், எந்தப் புகை, யாருடைய கிணறு, எந்தச் சபை அனுமதித்த வீடு என்று கேட்கட்டும். அவ்வாறு கேட்போர் தொகை பெருகும் நாளில், விதியின் தலையில் நாம் ஏற்றிவைத்த பழி இறங்கி, உரியவர் தோளிலே போய் அமரும்.